'ஆம்' என்று தட்டுவதற்கு முன்

கடந்த பருவத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு. மணி 11.40. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் தம்பிப்பிள்ளைக்குப் பக்கத்தில் நாங்கள் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மற்ற மூவரும் தூங்கிவிட்டார்கள். கீழே உணவுக் கடையில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. என் மடிக்கணினித் திரையில் ஒரு கேள்வி பதிலுக்காகக் காத்திருந்தது.

ஆங்கிலத்தில் நீண்ட பட்டியல் ஒன்று ஓடி நின்றிருந்தது. அதன் கடைசி வரியில், '214 தொகுப்புகள் நீக்கப்படும், தொடரலாமா?' என்று கேட்டிருந்தது. நான் பட்டியலைப் படிக்கவில்லை. மறுநாள் மாலை 5 மணிக்குள் குழுப் பணியை ஒப்படைக்க வேண்டும். கணினியே கணக்குப் போட்டுச் சொல்கிறது, தெரியாமலா சொல்லும் என்ற நினைப்பில் 'ஒய்' விசையைத் தட்டினேன்.

சில நிமிடங்களில் சன்னல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கணினியை அணைத்துத் திறந்தேன். கறுப்புத் திரை, இடது மூலையில் மின்னும் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். பதற்றத்தில் அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. வட்டு முழுவதையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன். மூன்று பேர் மூன்று வாரம் உழைத்த அறிக்கையும் நிரல்களும் அதில்தான் இருந்தன. இணையத்தில் நாங்கள் பகிர்ந்து வைத்திருந்த பிரதி ஒன்பது நாள் பழையது.

காலையில் குழுவினரிடம், "கணினி கெட்டுப் போச்சு" என்றுதான் முதலில் சொன்னேன். சக மாணவி ஒருத்தி விடவில்லை, என்ன நடந்தது என்று துருவிக் கேட்டாள். "கருவிதான் அப்படி ஒரு தீர்வைக் கொடுத்துச்சு" என்றேன். "கருவி கேட்டுச்சு. நீதானே சரின்னு சொன்ன?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பணியைத் தாமதமாக ஒப்படைத்தோம். மூவருக்கும் மதிப்பெண் குறைந்தது.

அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. முடிவை எடுத்தது நானா, கருவியா? இதைத் தேடிப் படித்தபோது, உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் இதே கேள்வியோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருவது தெரிந்தது. கணினித் துறைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, கைப்பேசியில் தினமும் 'சரி' என்று தட்டும் நம் எல்லாருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

மறைந்து போன ஒரு தெரிவு

கதையைச் சற்று முன்னாலிருந்து சொல்கிறேன். இயங்குதளப் பாடத்துக்கான எங்கள் பணி, பழைய மடிக்கணினி ஒன்றுக்குப் பொருத்தமான சிறிய லினக்ஸ் கெர்னலைக் கட்டித் தருவது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுக்கரு. நினைவகம், வட்டு, வைஃபை, விசைப்பலகை என்று எல்லா உறுப்புகளையும் மென்பொருளோடு இணைப்பது அதுதான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ், இன்று நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. அவரும் அப்போது பல்கலைக்கழக மாணவர்தான்.

ஒரே கெர்னல் கைப்பேசிக்கும் மீக்கணினிக்கும் எப்படிப் பொருந்துகிறது? அதில் 15,000க்கும் மேற்பட்ட தெரிவுகள் உள்ளன. எது வேண்டும், எது வேண்டாம் என்று கட்டுபவர் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான தெரிவுகளுக்கு மூன்று நிலைகள். கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டலாம், தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக்கூறாக வைக்கலாம், அல்லது விட்டுவிடலாம். இந்தத் தெரிவுகளையும் அவற்றுக்கு இடையிலான விதிகளையும் எழுதி வைக்கும் மொழிக்கு 'கேகான்ஃபிக்' என்று பெயர்.

எங்கள் பணியில் வைஃபை டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். ஆனால் பட்டியலில் 'தனிக்கூறு', 'வேண்டாம்' என்ற இரண்டு நிலைகள்தான் வந்தன. 'உள்ளே சேர்' என்ற நிலை வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று திரையில் ஒரு சொல்லும் இல்லை.

காரணம் இதுதான் என்று பிறகு புரிந்தது. வைஃபை டிரைவர் 'சிஎஃப்ஜி80211' என்ற பொதுப் பகுதியைச் சார்ந்திருக்கிறது. அந்தப் பொதுப் பகுதி தனிக்கூறாக இருந்தால், அதை நம்பியிருக்கும் டிரைவரும் தனிக்கூறாக மட்டுமே இருக்க முடியும். சரி, பொதுப் பகுதியை உள்ளே சேர்த்துவிடலாம் என்றால், அது 'ஆர்எஃப்கில்' என்ற இன்னொன்றோடு கட்டுப்பட்டிருக்கிறது. விமானப் பயண நிலையில் வைஃபை, புளூடூத் அலைகளை அணைக்கும் சுவிட்சைக் கவனிப்பது இந்த ஆர்எஃப்கில். அதை உள்ளேயும் சேர்க்கலாம், முழுவதும் விட்டுவிடவும் செய்யலாம். ஆனால் அது தனிக்கூறாக இருந்தால், மேலே உள்ளவை எல்லாம் தனிக்கூறு என்ற நிலையைத் தாண்ட முடியாது. மூன்று படி கீழே உள்ள ஒரு சிறிய தெரிவு, மேலே நான் தேடிய நிலையை மறைத்துவிட்டது.

எனக்கு இது அப்போது தெரியாது. எழுத்துத் திரையில்தான் தெரியவில்லை, படத்திரையுள்ள கருவியில் தெரியலாம் என்று நினைத்தேன். அந்தக் கருவி இயங்க வேறு சில நூலகங்கள் தேவை. அவற்றை நிறுவப் போனபோது பதிப்புப் பொருந்தவில்லை. எங்கோ கிடைத்த குறிப்பைப் பார்த்து, பழைய பதிப்புகளைத் தரும் ஒரு மூலத்தைச் சேர்த்தேன். அதன் முடிவில்தான் அந்த 214 தொகுப்புகள் பற்றிய கேள்வி வந்தது.

கருவி முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. பழைய நூலகம் வேண்டும் என்று நான் சொன்னேன். பழைய நூலகத்துக்கு அதன் அடிப்படையும் பழையதாக இருக்க வேண்டும். என் கணினியின் திரை மேசைக்கோ புதிய அடிப்படை வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்க முடியாது. நான் கேட்டதை மாற்ற முடியாத கட்டளையாக எடுத்துக்கொண்ட கருவி, அதற்கு இடைஞ்சலான மற்ற எல்லாவற்றையும் நீக்கலாம் என்று கணக்குப் போட்டது. கணக்கு சரிதான். எனக்கு எது முக்கியம் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

பாட நேர மோதல் போல

இதில் உள்ள சிக்கலைப் புரிந்துகொள்ளப் பல்கலைக்கழகப் பாடப் பதிவை நினைத்துப் பாருங்கள். 'தரவுத்தளம்' எடுக்க 'நிரலாக்கம் 2' முடித்திருக்க வேண்டும். 'புள்ளியியல்' வகுப்பும் 'தரவுத்தளம்' வகுப்பும் செவ்வாய் காலை 10 மணிக்கே வருகின்றன. புள்ளியியலின் இரண்டாம் பிரிவுக்கு மாறினால் அது மொழிப் பாடத்தோடு மோதுகிறது. பதிவு செய்யும் தளமோ 'நேர மோதல்' என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. எதை மாற்றினால் சரியாகும் என்று நாம்தான் விடிய விடியக் கணக்குப் போட வேண்டும்.

ஐந்து பாடம் என்றால் போட்டுவிடலாம். தெரிவுகள் கூடக் கூட, சேர்க்கைகள் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். ஆம், இல்லை என்று இரண்டே நிலை உள்ள 10 தெரிவுகளுக்கு 1,024 சேர்க்கைகள். 20 தெரிவுகளுக்கு ஒரு மில்லியனுக்கும் மேல். 15,000 தெரிவுகள் என்றால், சேர்க்கைகளின் எண்ணிக்கையை எழுதவே 4,500க்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ 80 இலக்கங்களில் எழுதிவிடலாம் என்கிறார்கள்.

'இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் சேர்க்கை உண்டா?' என்ற கேள்விக்குக் கணினியியலில் 'சாட்' சிக்கல் என்று பெயர். 1971இல் ஸ்டீபன் குக், இது மிகக் கடினமான சிக்கல்களின் ஒரு பெரிய குடும்பத்துக்கே தலைவாசல் என்று நிறுவினார். எல்லா வேளையிலும் விரைவாகத் தீர்க்கும் வழி இன்று வரை யாருக்கும் தெரியாது. ஆனாலும், நடைமுறையில் வரும் பெரும்பாலான விதித் தொகுப்புகளை நொடிகளில் அவிழ்க்கும் நிரல்கள் உருவாகிவிட்டன. மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் பல கருவிகளுக்குள் இந்த நுட்பம் உழைக்கிறது. ஆகவே, தீர்வைக் கண்டுபிடிப்பது கணினிக்கு ஓரளவு கைவந்துவிட்டது. கிடைத்த தீர்வை மனிதனுக்குப் புரியும்படி சொல்வதில்தான் அது தடுமாறுகிறது.

அறிந்தவர்களும் தட்டினார்கள்

என்னைப் போன்ற மாணவன் மட்டும்தான் இப்படி மாட்டிக்கொள்வான் என்று நினைக்காதீர்கள். 2021 நவம்பரில், கணினி பற்றிக் காணொளி வெளியிடுவதில் உலகப் புகழ் பெற்ற லினஸ் செபஸ்டியன் என்ற கனடாக்காரர், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் விளையாட்டுகளுக்கான 'ஸ்டீம்' மென்பொருளை நிறுவப் போனார். தொகுப்புகளில் அப்போது இருந்த ஒரு பிழையால், ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் திரை மேசையையே நீக்க வேண்டும் என்று கருவி கணக்குப் போட்டது. எச்சரிக்கையும் கொடுத்தது. தொடர வேண்டுமானால், 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருள் தரும் ஆங்கில வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அவர் தட்டச்சு செய்தார். திரை மேசை போய்விட்டது.

காணொளியைப் பார்த்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். எச்சரிக்கையைப் படிக்காதது அவர் தவறு என்றது ஓர் அணி. ஒரு விளையாட்டை நிறுவ வந்தவரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே தவறு என்றது மற்ற அணி. கருவியை உருவாக்கியவர்கள் இரண்டாவது அணியின் வாதத்தில் நியாயம் இருப்பதை ஏற்றார்கள் என்றே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வந்த பதிப்பில், ஒரு வாக்கியத்தைத் தட்டிவிட்டு இன்றியமையாத தொகுப்புகளை நீக்கிவிட முடியாதபடி மாற்றினார்கள். பாப் ஓஎஸ் குழுவும் பிழையைத் திருத்தியது.

யோசித்துப் பாருங்கள். நீண்ட பட்டியல், நடுவில் புதைந்த எச்சரிக்கை, கடைசியில் ஆம் அல்லது இல்லை. அவசரத்தில் இருக்கும் ஒருவர் அங்கே என்ன செய்வார்? அவருக்குத் தரப்படுவது ஒரே ஒரு தீர்வு. ஏன் இந்தத் தீர்வு, வேறு வழி உண்டா, எதை இழப்போம் என்பது அதில் இல்லை. பெயருக்குத்தான் அது கேள்வி.

ஒரு தீர்வா, பல வழிகளா?

இதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஸ்டோஃப் சார்னெக்கியும் அவருடைய ஆய்வுத் தோழர்களும், லினக்ஸ் கெர்னலைக் கட்டுபவர்களிடம் கருத்துக் கேட்டு 2012இல் வெளியிட்டார்கள். மறைந்திருக்கும் ஒரு தெரிவைச் செயல்பட வைக்கவே பல பத்து நிமிடங்கள் ஆகின்றன என்று ஐந்தில் ஒருவர் சொல்லியிருந்தார். இவர்கள் எல்லாரும் கெர்னலையே கட்டத் தெரிந்தவர்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சிறு கருவிகளுக்கான 'ஈகாஸ்' என்ற இயங்குதளத்தில் மோதல் வந்தால், அதன் அமைப்புக் கருவி தானாக ஒரு தீர்வைச் சொல்லும். ஆனால் ஒன்றே ஒன்றுதான் சொல்லும். பயனருக்கு அது பிடிக்காவிட்டால் வேறு வழியைக் காட்டாது. அதே 2012இல் யிங்ஃபெய் ஸியோங், அர்னோ ஹூபோ, ஸ்டீவன் ஷி, சார்னெக்கி ஆகியோர் 'ரேஞ்ச்ஃபிக்ஸ்' என்ற முறையை முன்வைத்தார்கள். மோதலைத் தீர்க்கக்கூடிய எல்லாச் சிறு மாற்றங்களையும் தேடிப் பட்டியலிடுவது அதன் நோக்கம். எந்தத் தெரிவை மாற்ற வேண்டும், அது எந்த மதிப்புகளில் இருக்கலாம் என்று ஒரு வரம்பாகவே சொல்லிவிடும்.

என் வைஃபை கதைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஆர்எஃப்கில் உள்ளே சேர்க்கப்படலாம், அல்லது முழுவதும் விடப்படலாம். விதிகளின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் விட்டுவிட்டால் அலைகளை அணைக்கும் சுவிட்சைக் கெர்னல் கவனிக்காது. பயணம் செய்கிறவருக்கு அது தேவைப்படலாம், மேசையில் அசையாமல் இருக்கும் கணினிக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். எது நல்லது என்பதை எந்தச் சாட் நிரலும் சொல்ல முடியாது. கணினியின் வேலை வழிகளைச் சுருக்கிக் காட்டுவது, நம் வேலை அவற்றில் ஒன்றைத் தேர்வது. வேலை இப்படிப் பிரிந்தால்தான், 'ஆம்' என்று சொல்பவர் உண்மையில் முடிவெடுத்தவர் ஆவார்.

இந்த எண்ணத்தை லினக்ஸ் கெர்னலுக்கே கொண்டு வரும் முயற்சிதான் 'கான்ஃபிக்ஃபிக்ஸ்'. அது பற்றிய ஆய்வுக் கட்டுரை 2021இல் வெளிவந்தது. படத்திரைக் கருவியில் நமக்கு வேண்டிய தெரிவையும் நிலையையும் சொன்னால், அதை அடைய எந்தெந்தத் தெரிவுகளை எப்படி மாற்றலாம் என்று வழிகளைப் பட்டியலிடும். உள்ளே 'பிகோசாட்' என்ற சாட் நிரல் கணக்குப் போடும். 2024இல் அந்த நிரல், கெர்னல் உருவாக்குநர்களின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 2000ஆம் ஆண்டு வாக்கில் எரிக் ரேமண்ட் என்பவர், மோதலே வராதபடி விதிகளைக் கணித்துக்கொள்ளும் 'சிஎம்எல்2' என்ற அமைப்பைக் கெர்னலுக்காக எழுதினார். டில்லி அத்தை என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தை அவர் முன்னிறுத்தினார். கணினி நுணுக்கம் தெரியாத அந்த அத்தையும் கெர்னலைக் கட்ட முடிய வேண்டும் என்பது அவர் வாதம். அத்தைக்கு எதற்குக் கெர்னல் கட்டும் வேலை என்று மற்றவர்கள் கேட்டார்கள். 2002இல் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் சிஎம்எல்2 ஏற்கப்படவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ரோமன் ஸிப்பல் எழுதிய, இன்றும் நாம் பயன்படுத்தும் கேகான்ஃபிக் உள்ளே வந்தது. அத்தை தோற்றார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கேள்வி திரும்பி வந்திருக்கிறது. அத்தையின் இடத்தில் இப்போது என்னைப் போன்ற மாணவர்கள் நிற்கிறோம்.

மஞ்சள் பாதையில் கேட்ட பதில்

பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தவர்கள் நடைபாதைகளில் மேடும் கோடுமாக உள்ள மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இயங்குகிறது. பார்வையற்றவர்கள் பலர் இந்த வட்டாரத்தில் வசிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கோலால் தடவி வழியறிவதற்குத்தான் அந்த ஓடுகள்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பார்வையற்ற அண்ணன் ஒருவர் திரைவாசிப்பான் கொண்டு கணினியை என்னைவிட வேகமாகப் பயன்படுத்துவார். ஒரு மாலை இருவரும் மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தோம். மஞ்சள் பாதையின் குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அவர் கோலால் தட்டிப் பார்த்துவிட்டு நின்றார். நான் அவரைச் சுற்றி அழைத்து வந்தபடி, என் கெர்னல் கதையைச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டு, "இது எனக்குத் தினமும் நடக்கிறதுதான் தம்பி. திரையில மங்கலா இருக்கிற பொத்தானை, 'கிடைக்கவில்லை'ன்னு மட்டும் குரல் சொல்லும். ஏன் கிடைக்கலன்னு சொல்லாது. பாதை அடைஞ்சிருக்கிறது கூடப் பரவாயில்ல. எது அடைச்சிருக்கு, எந்தப் பக்கம் சுத்தினா போகலாம்னு யாராச்சும் சொன்னா போதும், நானே போய்க்குவேன்" என்றார்.

நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளின் சாரம் அந்த ஒரு பதிலில் இருந்தது. காரணத்தையும் மாற்று வழியையும் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். நல்ல கருவியிடம் நாம் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

நன்றாகச் சொல்லும் கருவிகளும் உண்டு

பைத்தான் கற்கும் மாணவர்கள் 'பிப்' என்ற நிறுவும் கருவியை அறிவீர்கள். ஒன்றோடொன்று பொருந்தாத தொகுப்புகளைக்கூட அது முன்பு நிறுவிவிடும். 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பில் அதன் முரண் தீர்க்கும் பகுதி புதிதாக எழுதப்பட்டது. இந்தப் பணிக்கு மோசில்லாவும் சான் ஸக்கர்பெர்க் இனிஷியேட்டிவும் சேர்ந்து 4 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் கொடுத்தன. அந்தத் திட்டத்தில் நிரலாளர்களோடு பயனர் அனுபவ ஆய்வாளர்களும் இருந்தார்கள். பிழைச் செய்தி எப்படி இருந்தால் புரியும் என்று பயனர்களிடமே கேட்டறிந்தார்கள். இன்று மோதல் வந்தால் எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று பிப் வரிசையாகக் காட்டுகிறது, என்ன செய்து பார்க்கலாம் என்றும் இரண்டு வழி சொல்கிறது.

2018இல் நாட்டலி வைசன்பாம் டார்ட் மொழிக்காக உருவாக்கிய 'பப்கிரப்' முறை இன்னும் ஒரு படி மேல். தீர்வு இல்லை என்றால், ஏன் இல்லை என்பதை வடிவியல் நிரூபணம் போலப் படிப்படியாக எழுதிக் காட்டும். 'இது அதைச் சார்ந்தது, அது இன்னொன்றோடு ஒத்துப்போகாது, ஆகையால் நீங்கள் கேட்டது முடியாது' என்று வாக்கியங்களாக வரும். கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதினால் ஆசிரியர் முழு மதிப்பெண் கொடுப்பாரா? வழிமுறையையும் காட்டச் சொல்வார். கருவியிடமும் நாம் அதையே கேட்கலாம்.

அந்த 'ஆகையால்' என்ற சொல்லைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். பல்கலைக்கழகத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம். அன்றிரவு திரையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான், ஆனாலும் பொருள் மனத்தில் இறங்கவில்லை. இப்போதெல்லாம் புரியாத பிழைச் செய்தி வந்தால் அதைத் தாளில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். எது எதைச் சார்ந்தது, எது எதோடு மோதுகிறது, ஆகையால் என்ன? இந்த மூன்றையும் தமிழில் எழுத முடிந்தால் எனக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். முடியவில்லை என்றால் விசையைத் தொடுவதில்லை.

நண்பர்களே, இதைச் செய்து பாருங்கள்

நல்ல கருவிகள் வரும் வரை நாம் சும்மா இருக்க முடியாது. பட்டுத் தெரிந்துகொண்ட நான்கு பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணைப் பாருங்கள். ஒன்றை நிறுவச் சொன்னால் நூறு நீக்கப்படும் என்று வந்தால், ஏதோ தவறு என்று பொருள். அங்கேயே நிறுத்துங்கள். 'இல்லை' என்று சொல்வதால் எதுவும் கெடாது.

இரண்டாவது, ஒத்திகை பாருங்கள். பல நிறுவும் கருவிகளில், உண்மையில் எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் வசதி உண்டு. கெர்னலின் 'மெனுகான்ஃபிக்' திரையில் சாய்கோட்டு விசையைத் தட்டித் தெரிவின் பெயரைத் தேடினால், அது எவற்றைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும். 'இசட்' விசையைத் தட்டினால் மறைந்திருக்கும் தெரிவுகள் தெரியும். என் ஆர்எஃப்கில் மர்மம் இந்த இரண்டு விசைகளால்தான் அவிழ்ந்தது. புதிய படத்திரைக் கருவி எதுவும் எனக்குத் தேவைப்பட்டிருக்கவே இல்லை.

மூன்றாவது, கெட்டுவிட்டது என்று பதறி அழித்துவிடாதீர்கள். எந்தெந்தத் தொகுப்பை நீக்கினோம் என்று கருவிகள் பெரும்பாலும் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்திருக்கும். கறுப்புத் திரை வந்த அன்று என் அறிக்கையும் நிரல்களும் வட்டில் பத்திரமாகவே இருந்தன. பதிவேட்டைப் பார்த்து நீக்கியவற்றை மீண்டும் நிறுவியிருக்கலாம், குறைந்தது கோப்புகளையாவது வேறு இடத்துக்கு எடுத்திருக்கலாம். அவற்றை அழித்தது முரண் தீர்க்கும் கருவி அல்ல, என் பதற்றம்தான்.

நான்காவது, குழுப் பணியின் பிரதியைத் தினமும் பகிர்ந்து வையுங்கள். இது எல்லாரும் சொல்வதுதான், எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் ஒன்பது நாள் தள்ளிப் போட்டேன்.

அடுத்த பருவத்தில் அதே சக மாணவியோடு மீண்டும் ஒரே குழுவில் சேர்ந்தேன். முதல் கூட்டத்திலேயே, "கணினி கெட்டுப் போச்சுன்னு சொன்னது சரியில்ல. நான்தான் படிக்காம தட்டினேன்" என்று சொன்னேன். "தெரியும். அந்தத் திரையைப் பார்த்திருந்தா நானும் தட்டியிருப்பேனோ என்னவோ" என்றாள். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தக் கெர்னலை மதிப்பெண்ணுக்காக இல்லாமல் மறுபடி கட்டினோம். ஆர்எஃப்கில்லை விட்டுவிடலாமா, உள்ளே சேர்க்கலாமா என்று பத்து நிமிடம் பேசினோம். மடிக்கணினி என்பதால் சேர்ப்போம் என்று முடிவு செய்தோம்.

பழைய மடிக்கணினி திறந்தது. வைஃபை வந்தது. அந்த 'ஆம்' எங்கள் இருவருடையது.